காய்ச்சல் விட்ட அன்றைக்குத்தான் கவனம்: நோயுற்ற பிள்ளையை வீட்டில் பராமரித்தல்

2017ஆம் ஆண்டு ஜூலை மாதம். எங்கள் மருதானை வீட்டில் ஏழு வயது மகனுக்குக் காய்ச்சல். ஞாயிறு இரவு தொடங்கிய காய்ச்சல் புதன் இரவு வரை விட்டு விட்டுக் காய்ந்தது. வியாழன் காலை நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், குளிர்ந்திருந்தது. "அல்ஹம்துலில்லாஹ், காய்ச்சல் விட்டுட்டு" என்று சொல்லிக்கொண்டு பாடசாலைக்கு ஓடினேன். தவணைப் பரீட்சைக் காலம், ஏற்கெனவே இரண்டு நாள் லீவு போட்டாயிற்று. இரத்தம் பரிசோதிக்கும்படி டிஸ்பென்சரியில் சொல்லியிருந்தார்கள். காய்ச்சல்தான் விட்டுவிட்டதே, இனி எதற்கு என்று நினைத்தேன்.

பகல் இரண்டரை மணிக்குத் திரும்பி வந்தபோது மாமி வாசலிலேயே நின்றார். "மகள், புள்ள காலத்தால இருந்து ஒண்டுக்குப் போகல்ல. காய்ச்சல் இல்லதான், ஆனா கை கால் சில்லுண்டு ஈக்கிது. எனக்கிது சரியாப் படல்ல" என்றார். மகன் கண்ணை மூடிக்கொண்டு சுருண்டு கிடந்தான். கேட்டால் வயிறு நோகுது என்றான். த்ரீவீல் பிடித்துப் பொரளை சிறுவர் வைத்தியசாலைக்குப் போனோம். டெங்கு. பிளேட்லட் இறங்கி, இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியத் தொடங்கியிருந்தது. இரண்டு நாள் எண்ணி எண்ணிக் கழிந்தன. அல்லாஹ்வின் கிருபையால் பிள்ளை மீண்டான்.

தமிழில் சிறப்புப் பட்டம் எடுத்தவள், இருபது வருடமாகப் படிப்பிக்கிறவள் நான். காய்ச்சல் விட்டதும் நோய் விட்டது என்று நம்பினேன். பள்ளிக்கூடம் அதிகம் போகாத மாமிதான் சரியான இடத்தைப் பார்த்தார். இந்தக் கட்டுரை அங்கிருந்து பிறந்தது. நான் வைத்தியர் அல்ல. வார்டில் கற்றுக்கொண்டதையும், சுகாதாரத் துறையின் அறிவுறுத்தல்களில் படித்ததையும், தெரிந்த வைத்தியர்களிடம் கேட்டுத் தெளிந்ததையும் ஒரு தாய் இன்னொரு தாய்க்குச் சொல்வது போலச் சொல்கிறேன். இதில் ஒன்று மட்டும் மனதில் நின்றாலும் போதும்: தேர்மோமீற்றரைப் பார்ப்பதோடு நிற்கக் கூடாது, பிள்ளையைப் பார்க்க வேண்டும்.

நான்காவது ஆள்

திருக்குறளில் 'மருந்து' என்றொரு அதிகாரம் உண்டு. அதன் கடைசிக் குறள், 950ஆவது, மருத்துவத்தை நான்காகப் பிரிக்கிறது: நோயாளி, நோயைத் தீர்க்கும் வைத்தியர், மருந்து, அருகிலிருந்து அதைக் கொடுப்பவர். க.பொ.த. உயர்தர வகுப்பில் பலமுறை இதைப் படிப்பித்திருக்கிறேன். அந்த நான்காவது ஆள் நானேதான் என்பது வார்டில் இருந்தபோதுதான் உறைத்தது. வைத்தியர் பிள்ளையைச் சில நிமிடம் பார்க்கிறார். மற்ற நேரமெல்லாம் பார்ப்பது உம்மா, வாப்பா, மூத்தம்மா, ராத்தா. வைத்தியர் முடிவெடுப்பதும் பெரும்பாலும் நாம் சொல்லும் விவரத்தை வைத்துத்தான்.

நம் முன்னோர் இதை அறியாதவர்கள் அல்லர். கி.பி. 925இல் காலமான அபூபக்ர் அர்-ராஸீ பெரியம்மையையும் சின்னமுத்தையும் வேறுபடுத்திக் காட்டி ஒரு தனி நூல் எழுதினார். காய்ச்சல், முதுகு நோவு, அமைதியின்மை, கொப்புளம் வரும் விதம் என்று ஒவ்வொரு குறியையும் கவனித்து எழுதியவர் அவர். 'அல்-ஹாவீ' என்ற பெரும் தொகுப்பு அவர் வாழ்நாள் முழுதும் எழுதிவைத்த குறிப்புகளிலிருந்து அவருக்குப் பின் தொகுக்கப்பட்டது. கண்டதை அன்றன்றே எழுதுவது நமக்குப் புதிய வழக்கமல்ல. விட்டுப்போன வழக்கம்.

காய்ச்சல்: எவ்வளவு பயப்படலாம்?

காய்ச்சல் ஒரு நோயல்ல, உடம்பு கிருமியோடு போராடுகிறது என்பதன் அறிகுறி. 100.4 பாகை பரனைட்டுக்கு (38 பாகை செல்சியஸ்) மேலே போனால் காய்ச்சல் என்கிறோம். பாகை கூடினால் நோய் கடுமை, குறைந்தால் நோய் இலேசு என்று எப்போதும் சொல்ல முடியாது. 103 பாகையிலும் ஓடி விளையாடும் பிள்ளை உண்டு. 99 பாகையில் ஆபத்தில் கிடக்கும் பிள்ளையும் உண்டு. ஆனால் மூன்று மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் வீட்டு வைத்தியமே வேண்டாம், உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும்.

மருந்து என்றால் பரசிட்டமோல் ஒன்றே போதும். அளவு பிள்ளையின் வயதுக்கு அல்ல, எடைக்கு. ஒரு கிலோவுக்கு ஒரு தடவையில் 10 முதல் 15 மில்லிகிராம். 16 கிலோ பிள்ளைக்குக் கூடியது 240 மில்லிகிராம். போத்தலில் '5 மில்லிலீற்றரில் 120 மில்லிகிராம்' என்று இருந்தால் அது 10 மில்லிலீற்றர். '5 மில்லிலீற்றரில் 250 மில்லிகிராம்' என்று எழுதிய சிரப்பும் விற்கிறார்கள், கைக்குழந்தைக்கான சொட்டு மருந்து அதைவிடச் செறிவானது. ஆகவே போத்தலை வாசிக்காமல் ஊற்றக் கூடாது. தேக்கரண்டியும் வேண்டாம், மருந்தோடு வரும் அளவுக் குவளை அல்லது ஊசியில்லாத சிரிஞ்சு வேண்டும். ஒரு தடவைக்கும் அடுத்ததற்கும் ஆறு மணித்தியாலம். ஒரு நாளில் நான்கு தடவைக்கு மேல் கூடாது. காய்ச்சல் இறங்கவில்லை என்று அவசரப்பட்டு அடுக்கினால் ஈரல் கெடும். சில தடிமன் மருந்துகளிலும் பரசிட்டமோல் கலந்திருக்கும். இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் தெரியாமலே இரட்டை அளவாகிவிடும்.

டெங்கு உலவும் நம் ஊரில் இபுபுரோபன், அஸ்பிரின், டைக்குளோபெனாக், மெபனமிக் அசிட் போன்றவை காய்ச்சலுக்குக் கூடவே கூடாது. குளிசையாக இருந்தாலும் பின்பக்கம் வைக்கும் மருந்தாக இருந்தாலும் ஒன்றுதான். இவை இரத்தக் கசிவைத் தூண்டும். பெயர் எழுதாத கடதாசி உறையில் குளிசை தந்தால், "டொக்டர், இதுல என்ன மருந்து ஈக்கிது? எழுதித் தாங்க" என்று மரியாதையாகக் கேளுங்கள். கேட்பது குற்றமில்லை.

இனி, போர்த்துவது. காய்ச்சல் என்றதும் யன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, தொப்பியும் மேசும் போட்டுக் கம்பளியால் மூடுவது நம் வீட்டு வழக்கம். காய்ச்சலை நீரால் தணிக்கச் சொல்லும் நபிமொழி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவாகியிருக்கிறது. அதை ஓதுகிற வீட்டில் இப்படி மூடுவது விந்தைதான். மெல்லிய உடுப்பும் காற்றும் போதும். பிள்ளைக்குச் சுகமாக இருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் துணியை நனைத்துத் துடைக்கலாம். ஐஸ் தண்ணீர் வேண்டாம், பிள்ளை நடுங்கினால் நிறுத்திவிட வேண்டும்.

ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையான சில பிள்ளைகளுக்குக் காய்ச்சலில் வலிப்பு வரும். பார்க்க உயிர் போவது போல இருக்கும். பெரும்பாலும் சில நிமிடத்தில் தானாக நிற்கும். பிள்ளையை ஒரு பக்கமாகச் சரித்துக் கிடத்துங்கள். வாயில் கரண்டி, விரல், தண்ணீர் எதையும் வைக்காதீர்கள். மணிக்கூட்டைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் 1990க்கு அழையுங்கள். நின்றுவிட்டாலும் வைத்தியரிடம் காட்டத்தான் வேண்டும்.

டெங்கின் மூன்று கட்டங்கள்

2017இல் இலங்கையில் 186,000க்கும் மேற்பட்டோர் டெங்கு சந்தேகத்தில் பதிவானார்கள். நானூறுக்கும் அதிகமானோர் இறந்தார்கள். கொழும்பு மாவட்டம் மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட ஒன்று. மருதானைக்காரருக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. நெருக்கமான வீடுகள், அடைத்த பீலிகள், பஞ்சிகாவத்தைப் பக்கம் குவிந்து கிடக்கும் டயரும் உதிரிப்பாகங்களும். டெங்கு நுளம்பு பகலில் கடிப்பது. ஒரு சிரட்டை மழைத் தண்ணீர் அதற்குப் போதும். முட்டை காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடிருந்து அடுத்த மழைக்குப் பொரிக்கும். அதனால்தான் தண்ணீரைக் கொட்டுவதோடு பாத்திரத்தின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவச் சொல்கிறார்கள்.

டெங்கு மூன்று கட்டமாக நடக்கும். முதலாவது காய்ச்சல் கட்டம், இரண்டிலிருந்து ஏழு நாள். உடல் நோவு, கண்ணுக்குப் பின்னால் நோவு, முகம் சிவத்தல், சத்தி எல்லாம் இதில் வரலாம். அடுத்தது ஆபத்துக் கட்டம். பெரும்பாலும் மூன்றாம் நாளுக்குப் பிறகு, காய்ச்சல் இறங்கும் வேளையில் தொடங்கி, ஒன்றிரண்டு நாள் நீடிக்கும். எல்லாப் பிள்ளைக்கும் இது வருவதில்லை. வருகிற பிள்ளைக்கு இரத்தத்தின் நீர்ப்பகுதி குழாயிலிருந்து கசிந்து நெஞ்சிலும் வயிற்றிலும் சேரும். குழாயில் இரத்தம் தடித்து, கை கால் குளிர்ந்து, சலம் குறையும். கடைசியாகத் தேறும் கட்டம்: கசிந்த நீர் திரும்பும், பசி வரும், சலம் நிறையப் போகும்.

நான் தவறவிட்டது இந்த இரண்டாம் கட்டத்தை. டெங்கில் காய்ச்சல் விடும் நாளிலிருந்து இரண்டு நாள் பிள்ளையை விட்டு நகரக் கூடாது. காய்ச்சல் விட்டு, பிள்ளை எழும்பி விளையாடி, சாப்பாடு கேட்டால் அது சுகம். காய்ச்சல் விட்டும் சோர்ந்து படுத்தால் அது சுகமல்ல.

ஆகவே காய்ச்சலின் மூன்றாம் நாள் முழு இரத்தப் பரிசோதனை எடுங்கள். அதற்கு முதலே வைத்தியர் கேட்டால் அப்போதே எடுங்கள். பிளேட்லட் 100,000க்குக் கீழே போனால் வைத்தியசாலையில் இருக்க வேண்டும். ஒரு பரிசோதனை நன்றாக வந்ததென்று முடித்துவிடவும் கூடாது. இன்று 180,000 இருந்தது நாளை இறங்கலாம். எண் எந்தப் பக்கம் போகிறது என்பதுதான் முக்கியம். பழைய அறிக்கைகளையும் கையில் கொண்டுபோங்கள்.

கொப்பி

வார்டில் ஒரு தாதி என் கையில் தாள் ஒன்றைத் தந்தார். பிள்ளை குடித்தது எவ்வளவு, எத்தனை மணிக்கு, சலம் எவ்வளவு, எத்தனை மணிக்கு. இரண்டு நாள் அந்தத் தாளை நிரப்பினேன். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் ஒரு 40 பக்கக் கொப்பி கட்டிலடியில் இருக்கும். கோடு போட்டு ஐந்து நிரல்: நேரம், காய்ச்சல், மருந்தும் அளவும், குடித்தது, சலம். ஓரத்தில் சத்தி, வயிற்றோட்டம் இருந்தால் குறிப்பு.

இதனால் மூன்று நன்மை. உம்மா ஒரு தடவை, மூத்தம்மா ஒரு தடவை என்று மருந்து இரண்டு முறை போவது நிற்கும். "நல்லாக் குடிக்கிறான்" என்று நாம் நினைப்பது உண்மையா என்று தெரியும். வைத்தியர் கேட்கும்போது தடுமாறத் தேவையில்லை. பிள்ளை ஆறு மணித்தியாலமாகச் சலம் போகவில்லை என்றால் அதைக் கொப்பி முதலில் சொல்லும். எங்கள் வீட்டில் அன்று கொப்பி இருக்கவில்லை, மாமி இருந்தார்.

குடிக்கக் கொடுப்பது

காய்ச்சல் பிள்ளை சாப்பிடவில்லை என்று அழுவோம். இரண்டு நாள் சாப்பாடு குறைந்தால் பெரிய நட்டமில்லை. குடிப்பது குறைந்தால் நட்டம். வெறும் தண்ணீரை மட்டும் கொடுக்காமல் ஜீவனி, கஞ்சித் தண்ணீர், இளநீர், சூப், பால், பழச்சாறு என்று மாற்றி மாற்றிக் கொடுங்கள். கைக்குழந்தைக்குத் தாய்ப்பால் நிற்கக் கூடாது. நோன்புக் கஞ்சியின் தெளிவு நம் பிள்ளைகளுக்குப் பழகிய ருசி. ஒரே மூச்சில் ஒரு கிளாஸ் கொடுத்தால் சத்தியெடுப்பான். ஐந்து நிமிடத்துக்கு ஒரு கரண்டி என்றால் தங்கும்.

டெங்குச் சந்தேகத்தில் சிவப்பும் கபிலமுமான பானம் வேண்டாம். நெக்டோ, மைலோ, சொக்கலட், பீட்றூட், வத்தகப்பழம் எல்லாம் இதில் சேரும். அவை கெடுதலானவை என்பதற்காக அல்ல. பிள்ளை சத்தியெடுத்தால் அது இரத்தமா பானமா என்று தெரியாமல் போகும்.

ஆபத்துக் கட்டத்தில் வேறொரு கவனம் உண்டு. அப்போது நீர் கசிகிறது என்பதால் அளவில்லாமல் ஊட்டினாலும் அது நெஞ்சிலும் வயிற்றிலும் போய்த் தேங்கி மூச்சை முட்டும். அந்த நேரத்தில் எவ்வளவு என்பதை வைத்தியர்தான் சொல்ல வேண்டும். பப்பாசி இலைச் சாற்றை நம்பி வீட்டில் காத்திருப்பதும் ஆபத்து. பிளேட்லட் எண்ணிக்கையைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறோம். பிள்ளையின் உயிருக்கு முதல் ஆபத்து நீர்க்கசிவு.

வயிற்றோட்டம்

வயிற்றோட்டத்தில் பிள்ளையை வருத்துவது உப்பும் தண்ணீரும் வெளியேறுவது. ஜீவனிப் பைக்கற்றில் எழுதிய அளவு தண்ணீரை, கொதித்து ஆறிய தண்ணீரை, அளந்து கலக்குங்கள். அரைப் பைக்கற், கால் பைக்கற் என்று கண்மட்டில் கலந்தால் உப்பு கூடிக் கெடுதி. 24 மணித்தியாலத்துக்குப் பிறகு மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு ஒவ்வொரு தடவை போனதும் 50 முதல் 100 மில்லிலீற்றர், அதற்கு மேற்பட்ட பிள்ளைக்கு 100 முதல் 200 மில்லிலீற்றர். சாப்பாட்டை நிறுத்த வேண்டாம். வயிற்றைக் கட்டும் குளிசை பிள்ளைகளுக்குக் கூடாது. சிங்க் மருந்து தந்தால் வயிற்றோட்டம் நின்ற பிறகும் சொன்ன நாள் வரை கொடுத்து முடியுங்கள்.

உப்பு-சீனிக் கரைசலின் கதை நம் அயலில்தான் நடந்தது. 1971இல் வங்கப் போரின்போது போங்காவ் அகதி முகாமில் வாந்திபேதி பரவியது. நாளத்தில் ஏற்றும் சேலைன் முடிந்துபோன நிலையில் டாக்டர் திலீப் மஹலனோபிஸ் வாயால் குடிக்கும் கரைசலைக் கொடுத்து மரணங்களைப் பெருமளவு குறைத்தார். பிறகு 1980 முதல் 1990 வரை பங்களாதேஷில் பிராக் நிறுவனத்தின் பெண் ஊழியர்கள் வீடு வீடாகப் போய், ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளில், தாய்மாருக்கு இதைச் செய்யக் கற்றுக் கொடுத்தார்கள். மூன்று விரல் சிட்டிகை உப்பு, ஒரு பிடி வெல்லம், அரைச் சேர் தண்ணீர். கற்பித்தவருக்கான கூலி, அந்தத் தாய்மார் பிறகு எவ்வளவு சரியாக நினைவு வைத்திருந்தார்கள் என்பதைப் பொறுத்தது. ஓர் ஆசிரியையாக இந்த ஏற்பாட்டை நினைத்தால் கொஞ்சம் வெட்கமும் வருகிறது. எழுத்து வாசனை அதிகம் இல்லாத அந்த உம்மாமார் கற்றுக்கொண்டார்கள் என்றால் நமக்குச் சாட்டில்லை.

இருமலும் மூச்சும்

தடிமனும் இருமலும் பெரும்பாலும் தானாகவே மாறும். அன்டிபயோட்டிக் அதற்கு உதவாது. சின்னப் பிள்ளைக்குப் பார்மசியில் நாமாக இருமல் சிரப் வாங்க வேண்டாம். கொதிநீர்ப் பாத்திரத்தில் ஆவி பிடிக்க வைத்துச் சுட்டுக்கொண்ட பிள்ளைகள் உண்டு. அதையும் தவிருங்கள். மூக்கு அடைத்தால் உப்புத் தண்ணீர்ச் சொட்டு மருந்து பார்மசியில் கிடைக்கும்.

கவனிக்க வேண்டியது மூச்சு. பிள்ளை அமைதியாக இருக்கும்போது உடுப்பை உயர்த்தி, ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு 60, ஒரு வயது வரை 50, ஒன்று முதல் ஐந்து வயது வரை 40. இந்த எண்ணை எட்டினாலோ தாண்டினாலோ காட்ட வேண்டும். மூச்செடுக்கும்போது விலாவுக்குக் கீழே உள்ளே இழுத்தால் எண்ணிக்கொண்டிருக்கத் தேவையில்லை, உடனே போக வேண்டும். வெள்ளி இரவுச் சாம்பிராணியும் நுளம்புத் திரியும் இருமும் பிள்ளையின் அறையில் வேண்டாம். பரக்கத்து அடுத்த அறையிலும் இறங்கும்.

தேனும் ஓதிய தண்ணீரும்

தேனில் நிவாரணம் உண்டென்று சூரா அந்-நஹ்லின் 69ஆவது வசனம் சொல்கிறது. அதில் நமக்குச் சந்தேகமில்லை. ஒரு வயதுக்கு மேற்பட்ட பிள்ளையின் இருமலுக்கு ஒரு கரண்டி தேன் நல்லதுதான். ஆனால் ஒரு வயது நிரம்பாத குழந்தையின் குடலில், தேனில் சில வேளை இருக்கும் ஒரு கிருமியின் வித்து முளைத்து நஞ்சு சுரக்கும். பெரியவர்களுக்கு அது ஒன்றும் செய்யாது. கைக்குழந்தையின் உடம்பைத் தளரச் செய்து மூச்சையே நிறுத்தலாம். தஹ்னீக் செய்யப் பேரீச்சம்பழம் இருக்கிறது. நபிமொழிகளில் வருவதும் அதுதான். தேன் நாவில் வைக்க ஒரு வருடம் பொறுக்கலாம்.

ஓதிய தண்ணீரைப் பற்றியும் கேட்பார்கள். எங்கள் மாமியும் ஓதினார், நானும் ஓதினேன். பிள்ளைக்கு வேண்டியது தண்ணீர், அதில் துஆவும் சேர்ந்தால் நல்லதே. கொத்தமல்லித் தண்ணீரும் இளஞ்சூட்டில் கொடுக்கலாம். ஓதிப் பார்க்க ஆள் வரும்வரை வைத்தியசாலைக்குப் போகாமல் காத்திருப்பதுதான் தவறு. ஒவ்வொரு நோய்க்கும் மருந்துண்டு என்று சொன்ன மார்க்கம் மருந்தைத் தேடச் சொன்ன மார்க்கம். போகும் வழியில் த்ரீவீலிலும் ஓதலாம். நாங்கள் அப்படித்தான் போனோம். ரமழானில் பருவமடையாத பிள்ளை "நோன்பை விட மாட்டேன்" என்று அடம்பிடித்தாலும், நோயில் கிடந்தால் அன்பாகச் சொல்லி நோன்பைத் திறக்க வையுங்கள். அதற்கு அது கடமையே இல்லை.

எப்போது ஓட வேண்டும்?

கீழுள்ளவற்றில் ஒன்று கண்டாலும் நாளை பார்ப்போம் என்று இருக்கக் கூடாது. நள்ளிரவானாலும் போக வேண்டும்.

– காய்ச்சல் விட்டும் பிள்ளை சோர்ந்து கிடப்பது, அல்லது காரணமில்லாமல் சிணுங்கிப் புரள்வது
– கை கால் குளிர்ந்து வியர்ப்பது, எழுந்தால் தலை சுற்றுவது
– ஆறு மணித்தியாலமாகச் சலம் போகாதது
– விடாத வயிற்று நோவு, திரும்பத் திரும்பச் சத்தி
– எதையும் குடிக்க மறுப்பது
– மூக்கு, முரசில் இரத்தம், கறுப்பு மலம்
– மூச்சு வேகம், நெஞ்சு உள்ளிழுத்தல்
– வலிப்பு, எழுப்பினாலும் சரியாக விழிக்காதது
– குழிந்த கண், கண்ணீர் வராத அழுகை

1990 சுவசெரிய அம்பியூலன்ஸ் இலவசம். அந்த இலக்கம் பிள்ளைக்கும் பாடமாக இருக்க வேண்டும்.

ஒரு வேண்டுகோள். எங்கள் பள்ளிவாசல்களில் டெங்குக் காலத்தில் துப்புரவு பற்றிக் குத்பாவில் சொல்கிறார்கள், நல்லது. அதோடு ஒரே ஒரு வாக்கியத்தையும் சேர்த்துச் சொன்னால் எத்தனையோ உம்மாமாரின் காதுக்கு அது வாப்பாமார் வழியாகப் போய்ச் சேரும்: காய்ச்சல் விட்ட நாளில் பிள்ளையைத் தனியே விடாதீர்கள்.

என் மகனுக்கு இப்போது மீசை அரும்புகிறது. போன மழைக்கு அவனுடைய தங்கைக்குக் காய்ச்சல் வந்தது. நான் பாடசாலையால் வந்தபோது, கொப்பியில் அவன் கையெழுத்தில் மூன்று வரி இருந்தது. "11.20 கஞ்சி 100 மி.லீ. 12.05 ஒண்டுக்குப் போனா. 1.00 மூத்தம்மா சொல்றாங்க, கை கால் சூடு நல்லா ஈக்கிதாம்."